குத்தகைக்கு எடுத்த ராஜாங்கம்

"ஐந்து வருஷ ராஜாக்களால் நாடு உருப்படாது, ஸார்! வந்தவன் சுருட்டத்தான் பார்ப்பான். நிரந்தரமாக ஒருவன் வரவேண்டும். 'இது என் வீடு, என் நிலம்' என்று அவன் நினைக்க வேண்டும். அப்போதுதான் வரியும் நியாயமாயிருக்கும். ஏரி குளமும் ஒழுங்காயிருக்கும்."

இந்த வார்த்தைகளை ரயில் வண்டியிலும் கல்யாணப் பந்தியிலும் நேயர்கள் பல தடவை கேட்டிருப்பார்கள். சொல்கிறவர்கள் முட்டாள்களுமல்ல, கெட்டவர்களுமல்ல. பெரும்பாலும் படித்தவர்கள், வரியை ஒழுங்காகக் கட்டிவிட்டு, தெரு விளக்கு எரியவில்லையே என்று மனம் நொந்தவர்கள். ஆகையால் அவர்கள் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிடுவது மரியாதையாகாது. அதில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பதே நியாயம்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். ஒரு மாந்தோப்பை ஒரே ஒரு வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். குத்தகைக்காரர் மரத்துக்கு எரு வைக்க மாட்டார். வேலி கட்ட மாட்டார். வடு, காய், பழம் என்ற பேதமின்றி உலுக்கிக் கொண்டு போவார். அதே மனிதரிடம் தோப்பைச் சொந்தமாகக் கொடுத்துப் பாருங்கள்: மறு மாதமே கிணற்றைத் தூர் வாரத் தொடங்கிவிடுவார். அவருடைய குணம் மாறவில்லை. நாளையைப் பற்றிய அவருடைய கணக்குத்தான் மாறிற்று.

தோப்புக்குச் சொன்னது தேசத்துக்கும் பொருந்தும் என்று ஒரு பொருளாதார சாஸ்திரமே எழுந்திருக்கிறது. மன்கூர் ஓல்ஸன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1993-ல் எழுதிய ஒரு கட்டுரையில், கொள்ளைக்காரர்களை இரண்டு ஜாதியாகப் பிரித்தார்: ஊர் ஊராக அலைகிறவன் ஒருவன், ஓர் ஊரிலேயே தங்கிவிட்டவன் மற்றொருவன். அலைகிறவன் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகிறான். தங்குகிறவனோ, இவ்வருஷம் விதை நெல்லையும் பிடுங்கினால் அடுத்த வருஷம் தன் வயிறு காயும் என்பதை அறிந்தவன். ஆகவே ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு 'வரி' என்று பெயர் வைத்து, வேறு கள்ளர் வராமல் காவலும் காக்கிறான். 1920-களில் சீன தேசத்தைப் பங்கு போட்டுக்கொண்ட படைத்தலைவர்களின் கதையிலிருந்து ஓல்ஸன் இந்த யோசனையைப் பெற்றார். அந்தப் படைத்தலைவர்களுள் சிலர், தாம் எத்தனை நாள் நிலைப்போம் என்று தெரியாமல், பல பத்தாண்டுகளுக்கு உரிய நிலவரியை முன்கூட்டியே வசூலித்த விசித்திரமும் நடந்தது. பிறக்காத பேரனுடைய வரியைப் பாட்டனே கட்டிவிட்டான்!

நம் தமிழுக்கு இது புதிதன்று. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன யானை உவமையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், சிறிதளவு நிலமே யானைக்குப் பல நாள் போதும். யானை தானே வயலில் புகுந்தால், வாயில் போவதைவிடக் காலில் அழிவதே அதிகம். வருஷந்தோறும் இந்தப் பாட்டை வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் நமக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. இந்த உபதேசத்தைக் கேட்கும் யானைக்கு, நாளைக்கும் அதே வயலுக்கு வருவோம் என்ற நம்பிக்கை இருந்தாலன்றோ உபதேசம் பலிக்கும்? நாளை தன்னை வேறு காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள் என்று அஞ்சும் யானைக்குக் கவளக் கணக்கைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

சரி, அப்படியானால் 'நிரந்தர ராஜா' வேண்டும் என்பவர்கள் ஜெயித்துவிட்டார்களா? தீர்ப்புச் சொல்லுமுன், இந்தச் சித்தாந்தத்தை நம் ஊர் மண்ணிலேயே சோதித்துப் பார்த்துவிடுவோம்.

* * *

குன்றத்தூர் முருகன் மலைமேல் ஏறி நின்றால், ஒரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடப்பதைக் காணலாம். சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர் இது. தென்மேற்கே ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. அந்தத் தொழிற்சாலைகளுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன், இந்தப் பூமிக்குச் 'செங்கற்பட்டு ஜாகீர்' என்று பெயர். 2,000-க்கு மேற்பட்ட கிராமங்கள் கொண்ட நாடு. பேராசை பிடித்த வரி எப்படிப் பிறக்கிறது என்று படிக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடையாது.

இங்கே வந்த ராஜாங்கங்கள் பல. 1640-களில் கோல்கொண்டா சுல்தானின் படைகள் வந்தன. கோல்கொண்டா ஆட்சியில் மாகாண அதிகாரம் வருஷா வருஷம் ஏலத்துக்கு வரும் பண்டம். மசூலிப்பட்டணத்தில் வேலை பார்த்த மெத்வோல்ட் என்ற ஆங்கில வர்த்தகர் இதை எழுதி வைத்திருக்கிறார். ஏலத்தொகையில் பாக்கி வைத்த ஓர் அதிகாரி பிரம்படி பட்டே உயிர் விட்டார் என்றும் அவர் சொல்கிறார். மறு ஆனியில் தம் இடத்தில் யார் இருப்பார் என்று தெரியாத அதிகாரி, குடியானவனிடம் தயை காட்டினால் தம் முதுகுக்கு அல்லவா ஆபத்து?

மொகலாய ஆட்சியிலும் ஜாகீர்தார்களைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டிருப்பது வழக்கம். ஒருவன் ஓரிடத்தில் வேரூன்றிப் பாதுஷாவை எதிர்த்துவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதை! ஔரங்கசீப் காலத்தில் இந்தியாவில் பல ஆண்டுகள் தங்கிய பெர்னியே என்ற பிரெஞ்சு வைத்தியர் அதன் பலனைக் கண்டார். 'எந்த நிமிஷத்திலும் நம் கையைவிட்டுப் போகப்போகும் நிலம். இதைத் திருத்துவதில் நமக்கென்ன லாபம்?' என்ற ரீதியில் அதிகாரிகள் எண்ணியதே நாடு பாழாவதற்குக் காரணம் என்பது அவர் கண்ட முடிவு. சிங்காசனத்துக்குப் பாதுகாப்பளித்த அதே ஏற்பாடு வயலுக்கு வினையாக முடிந்தது.

இதுவரை சித்தாந்தம் சரியாகவே இருக்கிறது: குறுகிய காலம், கொடிய வரி. ஆனால் அடுத்து வரும் ஆசாமியிடம் சித்தாந்தம் தடுமாறுகிறது. அவர்தான் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா.

அவர் நாலைந்து வருஷம் ஆண்டுவிட்டுப் போனவரல்லர். 1749-ல் தந்தை அன்வருத்தீன் ஆம்பூர்ப் போரில் மாண்டதிலிருந்து, 1795-ல் தாம் கண்மூடும் வரையில், 46 வருஷம் நவாப்! 'நிரந்தரமாக ஒருவன்' என்று நம் நண்பர்கள் கேட்கிறார்களே, அவர்கள் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. 46 வருஷத்தில் எத்தனை ஏரிகளைச் சீர்திருத்தியிருக்கலாம்! நடந்தது என்ன? கர்நாடக தேசம் கண்ட கடன்காரர்களில் முதன்மையானவர் என்ற பெயரே அவருக்கு நின்றது.

காரணத்தை ஆராய்ந்தால் விஷயம் விளங்கும். ஆண்டு முடித்த பிறகு எண்ணிப் பார்க்கிற நமக்குத்தான் அது 46 வருஷம். ஆண்டுகொண்டிருந்தவருக்கு ஒவ்வொரு வருஷமும் கடைசி வருஷமாகவே தோன்றிற்று. பட்டத்துக்கு வந்த உடனேயே சந்தா சாகிபின் போட்டி. 1751-ல் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் முற்றுகை. பிறகு மைசூரில் ஹைதர் அலி. இவர்களிடமிருந்து காப்பாற்றிய கிழக்கிந்தியக் கும்பெனியோ, காப்பாற்றியதற்குக் கணக்குப் பார்த்துப் பில் நீட்டியது. அந்தப் பில்லைத் தீர்க்கக் கும்பெனியின் உத்தியோகஸ்தர்களிடமே நவாப் தனிக் கடன் வாங்கினார். வட்டி நூற்றுக்கு இருபதுக்கு மேல் போன காலமும் உண்டு. சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு, கடன் கொடுத்தவர்களுக்கு நடுவிலேயே குடியேறினார். தமக்குப் பின் தம் மகன் பட்டத்துக்கு வருவான் என்பதற்குக்கூட ஊரார் நிலமன்று, கும்பெனியின் தயவே ஜாமீன்! ஆகவே அந்தத் தயவை வாங்குவதில் செலவிட்ட பணமே அவருக்கு மூலதனம். ஏரியில் போட்ட பணம் வீண் செலவு.

* * *

ஜாகீரின் கதியைப் பாருங்கள். 1763-ல் நவாப் இதைக் கும்பெனிக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு, கும்பெனியிடமிருந்து தாமே திரும்பக் குத்தகைக்கு எடுத்து 1780 வரையில் நடத்தினார். அதாவது, நேற்று வரை ராஜாவாக இருந்த நிலத்துக்கு இன்று குத்தகைக்காரர்! தம் கீழே அமில்தார்களை வைத்தார். அவர்களுக்குக் கீழே உள்குத்தகைக்காரர்கள். அவர்களுக்கு முன்பணம் கொடுத்த சௌகார்கள். மேலிருந்து கீழ் வரையில் ஒருவருக்கேனும் அந்த வயலில் அடுத்த போகத்தைப் பற்றி அக்கறை கிடையாது. நவாபின் எதிர்காலம் ஜார்ஜ் கோட்டையில் இருந்தது. அமில்தாரின் எதிர்காலம் நவாபின் தர்பாரில் இருந்தது. சௌகாரின் எதிர்காலம் வட்டிக் கணக்கில் இருந்தது. கும்பெனி உத்தியோகஸ்தரின் எதிர்காலமோ ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இங்கிலாந்தில் இருந்தது. வயலில் எதிர்காலம் இருந்தவன் உழுதவன் ஒருவனே. அவனைக் கேட்பார் இல்லை.

களத்துமேட்டில் இதன் விளைவைக் காணலாம். பழைய முறையில், நெற்குவியலை அரசுக்கு மேல்வாரம், குடிக்குக் குடிவாரம் என்று பிரிக்குமுன்பே சில பங்குகளை ஒதுக்கிவிடுவார்கள். கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வெட்டியானுக்கு என்று மேரைகளும் சுதந்திரங்களும் உண்டு. ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு. 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்டு என்ற அதிகாரி ஜாகீர்க் கிராமங்களை அளந்து எழுதிய கணக்குகளில் இந்தப் பங்கீடுகளையெல்லாம் பார்க்கலாம். ஏரிப் பங்கு என்பது சாதாரண விஷயமன்று. இவ்வருஷ நெல்லிலிருந்து அடுத்த வருஷ மழைக்கு எடுத்து வைக்கும் முன்ஜாக்கிரதை அது. அவசரமாகப் பணம் தேவைப்படும் குத்தகைக்காரன் முதலில் கைவைக்கக்கூடிய இடமும் அதுவே. மதகு சிதைந்தால் அன்றைக்கே வசூல் குறைந்துவிடாது. கரை உடைகிறபோது குத்தகையே அவனிடம் இராது.

இந்த உண்மையை அழகாகச் சொன்னவர், வினோதமாக, ஓர் ஆங்கில பார்லிமெண்டு அங்கத்தினர். 1785 பிப்ரவரி 28-ந் தேதி, ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் செய்த பிரசங்கத்தில் நம் ஏரிகளைப் பற்றிப் பேசுகிறார். பர்னார்டின் வரைபடத்தில், ஜாகீரில் மட்டும், இரண்டு மூன்று ஏக்கர் குட்டையிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுள்ள ஏரி வரையில் 1,100-க்கு மேல் இருப்பதாக அவர் கணக்குக் காட்டினார். இவற்றை வெட்டியவர்கள், தம் ஆயுளுக்குள் அடங்காமல் வருங்காலச் சந்ததியையும் தம் மக்களாகப் பாவித்த மெய்யான அரசர்கள் என்பது அவர் கருத்து. கடன் பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஏரிகளின் விளைச்சலை உறிஞ்சியவர்களை அவர்களுக்கு எதிரே நிறுத்திக் காட்டினார்.

உறிஞ்சியவர்களில் பெரும் புள்ளி பால் பென்பீல்டு. கும்பெனியில் சொற்பச் சம்பள உத்தியோகம். 1773-ல் நவாப் தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டார். 1776-ல் கவர்னர் பிகட் பிரபு அதை மீண்டும் தஞ்சை அரசரிடம் ஒப்படைத்தார். உடனே பென்பீல்டு எழுந்து, தஞ்சை விளைச்சலின் மேல் தமக்கு 2,34,000 பவுன் பாத்தியதை உண்டு என்றார். நிற்கும் நெற்பயிரே அடமானம்! கவர்னர் இணங்கவில்லை. சபை அங்கத்தினர்களே அவரைச் சிறைப்படுத்தினார்கள். 1777-ல் காவலிலேயே அவர் இறந்தார். பென்பீல்டோ பார்லிமெண்டில் அங்கத்தினராக அமர்ந்தார். நவாப் வம்சத்தின் கடன்கள் என்று பின்னால் கோரப்பட்ட தொகை சுமார் 3 கோடிப் பவுன். விசாரித்ததில் நியாயமென்று ஒப்புக்கொள்ளப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1801-ல் கும்பெனி நாட்டையே எடுத்துக்கொண்டது. நவாப் எதற்கு அஞ்சி நாட்டை அடமானம் வைத்தாரோ, அந்த அடமானமே அவர் வம்சத்துக்கு அந்த முடிவைக் கொண்டுவந்தது.

இதற்கு நேர்மாறாக இன்னொருவர். 1794 முதல் 1798 வரையில் ஜாகீரின் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ். நாலே வருஷ உத்தியோகம். ஆனால் ஏரிகளைப் பழுது பார்த்தார். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராம லட்சுமணர்கள் வில்லேந்திக் காவல் நின்றதைக் கண்டு, தாயார் சந்நிதி கட்டிக் கொடுத்தார் என்று 'ஏரி காத்த ராமர்' கோயிலில் சொல்லும் கதை இவரைப் பற்றியதுதான். இவர் தர்மாத்மா என்று நாம் சொல்ல வரவில்லை. வரியை உயர்த்தினார், மிராசுதாரர்கள் பலர் எதிர்த்து ஊரைவிட்டே வெளியேறினார்கள். ஆயினும் அவருடைய எஜமானர்கள் இந்த நாட்டில் நெடுங்காலம் தங்கத் தீர்மானித்துவிட்டவர்கள். அடுத்த வருஷ வசூல் கூடினால்தான் கலெக்டருக்குப் பேர். ஆகவே அவருக்குக் கரை தேவைப்பட்டது.

46 வருஷம் ஆண்டவரின் காலத்தில் ஏரி நாதியற்றுக் கிடந்தது. நாலு வருஷம் இருந்தவர் ஏரியைக் கட்டினார். ஆக, ஆண்ட வருஷங்களை எண்ணுவதில் பயனில்லை என்று ஏற்படுகிறது. 'என் நாளை எங்கே இருக்கிறது?' என்று ஆள்பவன் தன்னையே கேட்டுக்கொள்ளும்போது அவனுக்குக் கிடைக்கும் விடையே குடிகளின் வரியை நிர்ணயிக்கிறது.

* * *

இப்போது ரயில் வண்டி நண்பர்களிடம் திரும்புவோம். 'நிரந்தர ஆட்சியாளன் நாட்டைத் தன் வீடாக நினைப்பான்' என்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எதேச்சாதிகாரிக்கு நிம்மதியான நாளை கிடையாது. அவன் பதவியிலிருந்து சாதாரணமாக ஓய்வு பெற்று, பேரன் பேத்திகளோடு காலங்கழிக்க வழியில்லை. அவனுக்குப் பின்வாசல் மூன்றே: சிறை, தேசாந்தரம், மயானம். இதை அறிந்தவன் எப்படி நீண்ட கணக்குப் போடுவான்? ஆப்பிரிக்காவில் ஜயர் என்று பெயரிட்டுக் காங்கோ தேசத்தை மொபூட்டு 1965 முதல் 1997 வரை, 32 வருஷம் ஆண்டார். தேசம் ஓட்டாண்டியாயிற்று, அவருடைய மாளிகைகள் ஐரோப்பாவில் எழுந்தன. கடைசியில் அந்நிய நாட்டில் உயிர் விட்டார். ஓல்ஸனும் இதை மறக்கவில்லை. நாளை நிச்சயமில்லாத சர்வாதிகாரி, தங்கியிருந்தாலும் அலையும் கொள்ளைக்காரனே என்று அவர் எச்சரித்தார். அவருடைய பேரைச் சொல்கிறவர்கள் முற்பாதியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

சரி, காகிதத்தில் 'சாசுவதம்' என்று எழுதிக் கொடுத்தால்? அதையும் இந்தப் பூமி பார்த்துவிட்டது. 1802-ல் ஜாகீரைச் சுமார் 60 மிட்டாக்களாகப் பிரித்துச் சாசுவதமாக ஏலம் விட்டார்கள். விதித்த தொகை தாங்காமல் சில ஆண்டுகளில் பல மிட்டாக்கள் முறிந்து சர்க்காருக்கே திரும்பின. எழுத்தில் உள்ள நிரந்தரம் களத்து நெல்லைப் பெருக்குவதில்லை.

அப்படியானால் பரிகாரம் என்ன? வயலில் எதிர்காலம் உள்ளவன் உழுதவன் ஒருவனே என்றோமே, வரி விஷயத்தில் அவனுக்குக் குரல் இருக்கவேண்டும் என்பதே பரிகாரம். இது மேனாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கன்று. 1429-ல், விஜயநகர அதிகாரிகளும் ஜீவிதக்காரர்களும் வரியால் வாட்டியபோது, காவேரிக் கரையில் வலங்கை இடங்கை மக்கள் பேதம் மறந்து கூடினார்கள். எந்தப் பயிருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தாங்களே வரையறுத்து, மீறிக் கேட்பவர்களுக்கு ஒத்தாசை செய்வதில்லை என்று கோயிற் சுவரில் கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்று அந்தக் கல்வெட்டின் ஸ்தானத்தில் நம் அரசியல் சட்டம் இருக்கிறது. சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிப்பதும் வசூலிப்பதும் கூடாது என்று அதன் 265-ஆவது ஷரத்து கூறுகிறது. வரவு செலவுத் திட்டம், தணிக்கை, தேர்தல் எல்லாம் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஐந்து வருஷ ஆட்சியாளனுக்கும் குறுகிய நோக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஏரிக்குள் வீட்டு மனை போட இடங்கொடுத்தால் இன்றைக்குப் பணம். கரை உடைந்தால் அது நாளைக்கு, இன்னொருவர் தலையில். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் நுழைந்தபோது, அத்தகைய நாளைகளின் கணக்கை இந்த வட்டாரத்து மக்கள் கழுத்தளவு நீரில் நின்று படித்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தேர்தலில் தோற்றவர் சிறைக்கோ மயானத்துக்கோ போவதில்லை; தம் வீட்டுக்குப் போகிறார். மறுபடி வரலாம் என்று நம்பிக்கையோடு இருக்கிறார். அந்த நம்பிக்கை அவருக்கு நம்மிடம் ஒரு நாளையைத் தருகிறது. அவருடைய நாளையை நம் கையில் வைத்துக்கொள்ளும் வரையில்தான் நம் வரி நியாயமாயிருக்கும். ஏரிக் கணக்கை நாம் கேட்காமல் விட்டோமானால், அவரும் தம் நாளையை வேறிடத்தில் தேடத் தொடங்குவார். நவாப் சேப்பாக்கத்தில் தேடியது போல!

ஆகவே, அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு ஒருவர் வாசலில் வந்து கும்பிடும்போது, 'எவ்வளவு செய்வீர்கள்?' என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். "ஐயா, பதவி போன பிறகு நீங்கள் எந்த ஊரில் குடியிருப்பீர்கள்? எந்த ஏரித் தண்ணீரைக் குடிப்பீர்கள்?" என்றும் மரியாதையாகக் கேட்டு வையுங்கள். பதில் சொல்ல அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.